தரிசு என்னும் தொடக்கப்புள்ளி: அருப்புக்கோட்டை – திருச்சுழி வறள்நிலமும் கரிம ஈட்டுக் கணக்கின் வரலாற்று அடிப்படையும்

ஆய்வுச்சுருக்கம்

கரிம ஈடு என்பது ஒரு திட்டத்தால் நிகழ்ந்ததை, அத்திட்டம் இல்லாதிருந்தால் நிகழ்ந்திருக்கக்கூடியதோடு ஒப்பிட்டு, அவ்வேறுபாட்டை விற்பனைப் பொருளாக்கும் முறை. 'நிகழ்ந்திருக்கக்கூடியது' என்பது வரலாறு பற்றிய ஒரு கூற்றாகும். விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதிகளிலும் அவற்றை ஒட்டிய சாத்தூர், கமுதிப் பகுதிகளிலும் அக்கூற்றுக்குரிய தரவு, 'தரிசு' என்னும் வருவாய்த்துறை வகைப்பாட்டிலிருந்து பெறப்படுகிறது. தீர்வை வாங்குவதற்கென உருவான அவ்வகைப்பாடு, நிலத்தில் என்ன இருந்தது என்பதற்குச் சான்றாகாது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: தரிசு, காடு, சீமைக்கருவேல், கரிமூட்டம், அடிப்படைநிலை, கூடுதல்தன்மை, தூய்மை வளர்ச்சி இயங்குமுறை

1. காடு என்னும் சொல்

அருப்புக்கோட்டைக்குக் கிழக்கேயும் தெற்கேயும் உள்ள சிற்றூர்களில் ஒருவர் 'காட்டுக்குப் போகிறேன்' என்றால், மரம் அடர்ந்த வனத்திற்குச் செல்கிறார் என்பது பொருளன்று. தம் மானாவாரிப் புஞ்சைக்குச் செல்கிறார். பருத்திக்காடு, கம்பங்காடு, மிளகாய்க்காடு எனக் கரிசல் வழக்கில் காடு என்பது உழுத நிலத்தையே முதன்மையாகக் குறிக்கும். விதைக்காமல் விட்ட ஆண்டிலும் அது காடுதான். வேலிக்காத்தான் எனப்படும் சீமைக்கருவேல் முளைத்து மூடிய பின்னும் காடுதான். பயிர்நிலம், தரிசு, வனம் என்று அலுவலகங்கள் பிரித்துவைத்த மூன்றையும் இவ்வழக்கு ஒரு சொல்லுக்குள் வைத்திருக்கிறது. சொல்வளம் குறைந்ததால் நேர்ந்த மயக்கமாக இதனைக் கொள்ளலாகாது. ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மி.மீ. மழையும், அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தின் சில வாரங்களிலும் என்ற நிலையில், ஒரே நிலம் ஓராண்டு பயிரும் மறு ஆண்டு மேய்ச்சலும் அதற்கடுத்த ஆண்டுகளில் விறகும் தருவது இங்கு இயல்பு. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்த நிலையே பாலை என்று சிலப்பதிகாரம் கூறுவதையும் இங்கு நினைக்கலாம். பாலையை ஒரு நிலவகையாக அன்றி ஒரு நிலைமையாகக் காணும் பார்வை அது.

இதற்கு எதிர்ப்புறத்தில் மற்றொரு 'காடு' உண்டு. கியோட்டோ நெறிமுறையின்கீழ் காடுவளர்ப்புத் திட்டங்களுக்காக இந்தியா அறிவித்த வரையறைப்படி, குறைந்தது 0.05 எக்டேர் பரப்பும் 15 விழுக்காடு மரக்கவிகையும் 2 மீட்டர் உயரமும் எட்டக்கூடிய மரத்தொகுதி வனமாகும். 0.05 எக்டேர் என்பது ஏறத்தாழ 12 சென்ட். இவ்வளவுகோலை எடுத்துக்கொண்டு திருச்சுழியிலிருந்து நரிக்குடி செல்லும் வழியில் நடந்தால், வேலிக்காத்தான் வளர்ந்த புஞ்சைகள் பலவற்றை வனம் என்றே எழுத நேரும். அதே புல எண்ணைக் கிராம அடங்கலில் பார்த்தால் தரிசு என்றிருக்கும். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2016–2017இல் பிறப்பித்த ஆணைகளின்படி அங்கு நிற்பது வேரோடு அகற்றப்பட வேண்டிய மரம். இம்மூன்றில் எதிலிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதே கரிம ஈட்டின் விலையை முடிவு செய்கிறது.

2. ஈடு இயங்கும் முறை

1997இல் கியோட்டோவில் ஒப்புக்கொள்ளப்பட்டு 2005 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த நெறிமுறையின் 12ஆம் உறுப்பு, தூய்மை வளர்ச்சி இயங்குமுறை என்பதை உருவாக்கியது. உமிழ்வைக் குறைக்கக் கடமைப்பட்ட தொழில்வள நாடு ஒன்று, அக்கடமை இல்லாத இந்தியா போன்ற நாட்டில் நடைபெறும் குறைப்பை விலைக்கு வாங்கித் தன் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். ஒரு டன் கரியமில வாயுவுக்கு இணையான குறைப்புக்கு ஒரு சான்றளிப்பு அலகு. வளிமண்டலத்திற்கு ஊர் வேறுபாடு இல்லை. ஜெர்மனியில் குறைந்தாலும் விருதுநகரில் குறைந்தாலும் ஒன்றுதான் என்பது இதன் அடிப்படை நியாயம். அந்த நியாயத்தில் பிழையில்லை. சிக்கல் 'குறைப்பு' என்ற சொல்லில் இருக்கிறது.

எதிலிருந்து குறைந்தது என்று காட்டுவதற்கு அடிப்படைநிலை வேண்டும். ஈட்டுப் பணம் இல்லாவிட்டால் அத்திட்டம் வந்திருக்காது என்று மெய்ப்பிக்கும் கூடுதல்தன்மை வேண்டும். ஓரிடத்தில் குறைந்தது மற்றோரிடத்தில் கூடவில்லை என்பதற்குக் கசிவுக் கணக்கு வேண்டும். மரமாயின், அது நாளை வெட்டப்படாது அல்லது எரியாது என்ற நிலைப்புக்கும் விடை வேண்டும். நிலைப்புச் சிக்கலைத் தூய்மை வளர்ச்சி இயங்குமுறை எளிதாக ஒதுக்கியது: காடுவளர்ப்புக்குக் காலாவதியாகும் தற்காலிக அலகுகளையே வழங்கியது, ஐரோப்பிய ஒன்றியத்தின் உமிழ்வுச் சந்தை அவற்றை ஏற்கவே இல்லை. ஆகவே இந்தியாவில் ஈட்டு வணிகம் பெரும்பாலும் மின்னுற்பத்தியைச் சுற்றியே வளர்ந்தது. தென் தமிழ்நாட்டைப் பொறுத்தவரை காற்றாலையும் உயிர்த்திரள் மின்நிலையமும்.

காற்றாலையைப் பற்றி இங்குச் சுருக்கமாகவே கூறவியலும். தமிழ்நாட்டு நூற்பாலைகள் சங்கத்தின் ஒருங்கிணைப்பில், பல ஆலைகளின் காற்றாலைகள் ஒரே தொகுப்பாகத் தூய்மை வளர்ச்சி இயங்குமுறையில் பதிவு செய்யப்பட்டன. மின்வெட்டும் மின்கட்டணமும் நூற்பாலைகளைக் காற்றாலையின் பக்கம் முன்பே தள்ளியிருந்தன. முதலீட்டில் 80 விழுக்காட்டை முதலாண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ளும் வரிச்சலுகையும் இருந்தது. இந்நிலையில் ஈட்டுப் பணம் இல்லாவிட்டால் இவை நிறுவப்பட்டிருக்குமா என்ற கேள்வி தவிர்க்கவியலாதது. ராஃபேல் கலெல் முதலிய பொருளியலாளர்கள் இந்தியக் காற்றாலைகளை ஆராய்ந்து 2021இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, ஒப்புதல் பெற்ற ஈடுகளில் குறைந்தது 52 விழுக்காடு எவ்வாறாயினும் கட்டப்பட்டிருக்கக்கூடிய திட்டங்களுக்கே சென்றன என்று மதிப்பிடுகிறது. காற்றாலை நிறுவியது தவறென்று இதற்குப் பொருளில்லை. அதனைக் காட்டி வேறொருவர் வேறோரிடத்தில் உமிழ்ந்ததே இழப்பாகும்.

3. தரிசு: தீர்வையின் மொழி

உயிர்த்திரளுக்கு வரும்போது கணக்கு நிலத்தைத் தொடுகிறது. அதனால் நிலத்தின் பெயர் எவ்வாறு உண்டாயிற்று என்று சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

திருச்சுழிப் பகுதி இராமநாதபுரம் ஜமீனுக்கு உட்பட்டிருந்தது. 1803இன் நிரந்தரத் தீர்வை, ஜமீன் கட்டவேண்டிய பேஷ்குஷ் தொகையை நிலைநிறுத்தியது. ஊர்களுக்குள் கண்மாய்த் தண்ணீரையும் வாரத்தையும் யார் எவ்வாறு பகிர்வது என்பதை அது தொடவில்லை. கண்மாய்ப் பகுதிகளின் இவ்வரலாற்றை டேவிட் மோஸ் தம் 2003ஆம் ஆண்டு நூலில் விரிவாக எழுதியுள்ளார். அவர் கவனம் நீர்மீது இருந்தது. நீர் எட்டாத நிலங்கள் அதற்கு வெளியே நின்றன. அந்நிலங்களின் திருப்புமுனை 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம். அதன் 3ஆம் பிரிவு, பொதுநிலம், புறம்போக்கு, தரிசு, மேய்ச்சல் நிலம், காடு ஆகியவற்றைத் தனித்தனியே பெயர் சொல்லி அரசின் உடைமையாக்கியது. ரயத்துவாரி முறைக்கு உட்படுத்தி அளந்தபோது ஒவ்வொரு புல எண்ணும் ஒரு பெயரைப் பெற்றாக வேண்டியிருந்தது: பட்டா நிலம், புறம்போக்கு, தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு.

இப்பெயர்களை ஊன்றி நோக்கினால், அவை நிலத்தின் தன்மையைச் சொல்பவை அல்ல என்பது விளங்கும். ஒருவர் பெயரில் தீர்வை எழுதப்பட்டுள்ளதா இல்லையா என்பதே அவற்றின் செய்தி. ஆடு மேய்ந்தாலும், கூரைக்குப் புல் அறுத்தாலும், அடுப்புக்கு முள் வெட்டினாலும் தீர்வை இல்லையெனில் அது தரிசு. மரத்தை வருவாய்த்துறை அறியாமலில்லை. புறம்போக்கில் நிற்கும் மரத்தின் பலனை அனுபவிக்க 2-சி என்னும் மரப்பட்டா உண்டு. ஆனால் அது புளி, பனை போன்று ஒருவர் பெயரில் எழுதத்தக்க மரங்களை மனத்திற்கொண்டது. யாரும் நடாமல் தானே பரவிய முட்புதரை எழுத அதில் இடமில்லை.

பட்டா நிலத்திற்கும் இதே நிலை வேறு வழியில் நேர்ந்தது. இந்திய நிலப்பயன்பாட்டுப் புள்ளியியலின் ஒன்பது வகைப்பாட்டில், ஓராண்டு விதைக்காவிட்டால் நடப்புத் தரிசு. ஐந்தாண்டு வரை பிற தரிசு. அதற்கு மேல் சாகுபடிக்கேற்ற வீண்நிலம். பருத்தி விதைத்துத் தோற்ற ஒருவர் அருப்புக்கோட்டை ஆலைக்கோ திருப்பூருக்கோ வேலைக்குச் செல்கிறார் என்று கொள்வோம். அவர் புஞ்சையில் வேலிக்காத்தான் மூடுகிறது. மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வியாபாரி வந்து நின்ற மரத்தை விலைபேசி வெட்டிச் செல்கிறார். வெட்டிய தூரிலிருந்து மீண்டும் துளிர்க்கிறது. இரண்டாம் வெட்டு நடக்கும்போது அந்நிலம் புள்ளியியலில் வீண்நிலம் ஆகியிருக்கும். விறகு விற்ற பணம் வீட்டிற்கு வந்திருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை.

4. வேலிக்காத்தானும் கரிமூட்டமும்

காமராசர் காலத்தில் விதை தூவப்பட்டதால் வந்த மரம் இது என்பது இவ்வட்டாரத்தின் பரவலான வாய்மொழி. ஆனால் சென்னை மாகாணத்தில் இதன் வரலாறு அதனினும் பழையது. வனப் பாதுகாவலர் பெடோம் 1876இல் வருவாய்த்துறைச் செயலருக்கு எழுதி இதன் விதையைக் கேட்டார். நோக்கம் எரிபொருள். வறண்ட நிலத்தில் விறகு கிடைக்க வேண்டும் என்பதற்காகவே கொண்டுவரப்பட்ட மரம் அதனையே இன்றுவரை செய்து வருகிறது. அதனைக் குறித்த தீர்ப்புகள்தாம் மாறிக்கொண்டே இருந்தன.

கரிமூட்டம் போடுவதை இவ்வட்டாரத்தில் வளர்ந்த எவரும் கண்டிருப்பர். வெட்டிய கட்டைகளை ஒரே அளவாக நறுக்கி நெருக்கமாக அடுக்கி, வைக்கோலும் தழையும் போர்த்தி, மண்ணைக் குழைத்துப் பூசி மூடுவர். தீ வைத்த பின் கட்டை எரிந்துவிடாமல் வேகவேண்டும். அதற்காகப் புகைத்துளைகளை அடைத்தும் திறந்தும் இரவும் பகலும் காவலிருப்பர். புகையின் நிறம் மாறுவதைக் கொண்டே உள்ளே வெந்துவிட்டதா என்று அறிவர். தோராயமாக நான்கைந்து பங்கு விறகுக்கு ஒரு பங்கு கரி கிடைக்கும். நிலவுடைமையாளர், வெட்டுக்கூலி, மூட்டம் போடுபவர், மூட்டை தைப்பவர், லாரி, மொத்த வியாபாரி என நீளும் இச்சங்கிலியில் அடிநிலையில் இருப்போர் பெரும்பாலும் நிலமற்றோர். இதனைப் பசுமைத் தொழிலாகப் போற்றுவது என் நோக்கமன்று. மண்மூட்டத்திலிருந்து மீத்தேனும் கார்பன் மோனாக்சைடும் வெளியேறுகின்றன. கண்ணும் நுரையீரலும் கெடுகின்றன. ஆனால் ஒரு பொருளாதாரம் குறையுடையது என்பதும், அது இல்லை என்று எழுதுவதும் ஒன்றல்ல.

அது இல்லையென்று எழுதப்பட்ட தருணம் ஒன்று ஆவணப்படுத்தப்பட்டுள்ளது. திட்டக்குழுவின் 2003ஆம் ஆண்டு உயிரி எரிபொருள் அறிக்கை, நாட்டின் தரிசு நிலங்களில் காட்டாமணக்கு வளர்த்து டீசலுக்கு மாற்று காணலாம் என்றது. 2009இன் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை 20 விழுக்காடு கலப்பை 2017க்குள் எட்ட இலக்கு வைத்தது. உணவுப் பயிருடன் போட்டி இல்லை, வெற்று நிலம்தானே பயன்படுகிறது என்பதே இதன் காலநிலை நியாயமும் அறநியாயமுமாக இருந்தது. அருப்புக்கோட்டையின் அண்டைப் பகுதியான சாத்தூரில் களஆய்வு செய்த ஜெனிஃபர் பாக்கா, தரிசு எனப்பட்ட அந்நிலங்களில் ஏற்கெனவே ஓர் எரிபொருள் பொருளாதாரம் இயங்கி வந்ததைக் கண்டார். அதுதான் வேலிக்காத்தான். ராபர்ட் பைலிசுடன் இணைந்து அவர் 2014இல் வெளியிட்ட ஆற்றல் ஓட்டக் கணக்கின்படி, வேலிக்காத்தான் பொருளாதாரம் தரும் பயனுறு ஆற்றல், காட்டாமணக்கு டீசல் தருவதைப்போல் 2.5 முதல் 10.3 மடங்கு. ஆக, ஆற்றலைப் பெருக்குவதற்கென வந்த திட்டம், வேலிக்காத்தானின் இடத்தைப் பிடித்தால் ஆற்றலைக் குறைக்கவே செய்யும். கோயம்புத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் காட்டாமணக்கு பயிரிட்டோரை ஆராய்ந்த அரிசா-மொந்தோபியோ, சரத்சந்திர லெலே ஆகியோரும், விளைச்சல் எதிர்பார்ப்பிற்கு மிகவும் கீழே நின்றதையும் உழவர்கள் இழப்புற்றதையும் 2010இல் எழுதினர்.

காட்டாமணக்கின் தோல்வியை விதையின் தோல்வியாகவோ நீர்ப்பற்றாக்குறையாகவோ பேசி முடித்துவிடுவது வழக்கம். அது போதாது. விளைச்சல் நன்றாகவே இருந்திருந்தாலும் அடிப்படைநிலை சுழியம் என்ற கணக்கு பொய்த்தே இருக்கும்.

5. விறகு எத்தனை டன்

காட்டாமணக்கை ஒப்பிட, வேலிக்காத்தானையே எரித்து மின்சாரம் ஆக்கும் நிலையங்கள் இம்மரத்தின் இருப்பை ஏற்றுக்கொண்டவை. ஆயினும் அவற்றின் ஈட்டுக் கணக்கிலும் தரிசு ஒளிந்திருக்கிறது. விளக்கத்திற்காக ஒரு நிலையத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். 10 மெகாவாட் திறன். ஆண்டில் 70 விழுக்காடு நேரம் முழுத்திறனில் இயங்குகிறது. உற்பத்தி 61,320 மெகாவாட்-மணி. தன் தேவைக்குப் பத்தில் ஒரு பங்கு போக ஏறத்தாழ 55,000 மெகாவாட்-மணி மின்தொடருக்குச் செல்லும். தென்மண்டல மின்தொடரில் ஒரு மெகாவாட்-மணிக்கு 0.85 டன் உமிழ்வு என்று கொண்டால், ஆண்டுக்கு ஏறத்தாழ 47,000 ஈட்டு அலகுகள். புகைபோக்கியிலிருந்து வெளியேறும் கரியமில வாயு கணக்கில் சுழியம். வெட்டிய மரம் மீண்டும் வளர்ந்து அதனை உறிஞ்சிக்கொள்ளும் என்பது கொள்கை. வேலிக்காத்தானைப் பொறுத்தவரை இது பெருமளவு பொருந்தவும் செய்யும்.

இனி விறகு. ஒரு யூனிட்டுக்கு 1.2 கிலோ என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 74,000 டன். இது வேறு யார் அடுப்பிலிருந்தும் வரவில்லை என்று காட்டியாக வேண்டும். தூய்மை வளர்ச்சி இயங்குமுறையின் கசிவு விதி இதற்கு ஓர் அளவுகோல் தருகிறது. சுற்றுவட்டாரத்தில், எடுத்துக்காட்டாக 50 கி.மீ. ஆரத்திற்குள், கிடைக்கும் உயிர்த்திரள், புதிய நிலையத்தையும் சேர்த்த மொத்தப் பயன்பாட்டைவிடக் குறைந்தது 25 விழுக்காடு மிகுந்திருந்தால் கசிவு இல்லை எனக் கொள்ளலாம். நேர்மையான விதிதான். ஆனால் 'கிடைக்கும்' என்னும் எண்ணைத் தரிசுப் பரப்பை விளைச்சலால் பெருக்கித்தான் பெறவியலும். 'பயன்பாடு' என்னும் எண்ணைப் பதிவுபெற்ற நுகர்வோரிடமிருந்தே பெறுவது எளிது. முதலாவது மிகையாகவும் இரண்டாவது குறைவாகவும் வரும் வாய்ப்பு இதிலேயே அடங்கியிருக்கிறது. தலைச்சுமையாக வீடு சேரும் முள்விறகும், செங்கல் சூளைக்குப் போகும் டிராக்டர் லோடும், மூட்டத்தில் வேகும் கட்டையும் எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. நிலையம் வந்தபின் விறகு விலை உயர்ந்தால் நிலமுடையவர் மகிழ்வார். விலைக்கு வாங்காமல் வெட்டி வந்தவர் என்ன எரிக்கிறார் என்பதும் கசிவுதான். அதனை அளக்கும் நெடுவரிசை படிவத்தில் இல்லை.

ஈட்டின் விலையே இதற்குள் வீழ்ந்துவிட்டது. 2008இல் 20 யூரோவைக் கடந்திருந்த சான்றளிப்பு அலகு 2012 முடிவில் ஒரு யூரோவுக்கும் கீழிறங்கியது. ஈட்டு வருவாயை நம்பித்தான் இத்திட்டம் வருகிறது என்று கூடுதல்தன்மையை மெய்ப்பித்த நிலையங்கள், அந்த வருவாய் மறைந்தபின் என்ன ஆயின என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பார்ப்பது வரலாற்று மாணவருக்குரிய நல்ல ஆய்வுப்பொருள். தொடர்ந்து இயங்கினால் மெய்ப்பித்தது ஐயத்திற்குரியது; நின்றிருந்தால் மெய்ப்பித்தது சரி, குறைப்புதான் நின்றுவிட்டது.

6. வெட்டிய பின் எண்ணுதல்

2015இன் பாரிசு ஒப்பந்தத்திற்குப் பின் ஈடு புதிய வடிவங்களில் திரும்பியுள்ளது. இந்தியாவின் கார்பன் கிரெடிட் வணிகத் திட்டம் 2023 ஜூனில் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் பசுமை வரவுத் திட்டம் வந்தது. பசுமை வரவின் கீழ் மரம் நடுவதற்கான 2024 பிப்ரவரி அறிவிக்கை, வனத்துறையின் கட்டுப்பாட்டிலுள்ள தரமிழந்த நிலங்களை எடுத்துக்கொண்டு, அவற்றுள் திறந்த காடு, புதர்நிலம், தரிசு ஆகியவற்றைச் சேர்த்தது. எக்டேருக்குக் குறைந்தது 1,100 மரம் என்றது. வனநிலம் சிறிதளவே உள்ள அருப்புக்கோட்டைப் பகுதியில் இதன் நேரடி விளைவு குறைவாகவே இருக்கும். எனினும் 1948இன் சட்டப்பட்டியலில் நின்ற அதே சொல், அதே உள்ளடக்கமின்மையுடன், இங்கும் நிற்பதைக் காண்கிறோம்.

இப்பகுதிக்கு நேரடியாக உரியது வேறு. வேலிக்காத்தானை அகற்றும் ஆணைகளுக்கு 2017இலேயே இடைக்காலத் தடை வந்தாலும், ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கான கொள்கையைத் தமிழ்நாடு அரசு 2022இல் வெளியிட்டது; அகற்றும் பணி பல இடங்களில் தொடர்கிறது. அகற்றுவதற்கு வலுவான காரணங்கள் உண்டு. கண்மாய் உட்புறத்தில் நீர் நிற்க வேண்டிய இடத்தில் முள் நிற்பதை யாரும் ஆதரிக்கவியலாது. என் கேள்வி அதற்குப் பின் வரும் கணக்கைப் பற்றியது. வெட்டப்பட்ட நிலத்தை வெற்று நிலமாக அளந்து, அங்கு நடும் மரங்களைச் சுழியத்திலிருந்து எண்ணினால், போன மரத்தின் கரிமமும் அதனைச் சார்ந்திருந்த பிழைப்பும் இருமுறை மறைகின்றன. தன்னார்வச் சந்தையின் பெரிய பதிவகமான வெர்ரா, ஈட்டுக்காக இயற்கைச் சூழல் அழிக்கப்படவில்லை என்பதற்குச் சான்று கேட்கிறது. அழித்துப் பத்தாண்டு கடந்திருந்தால்தான் விலக்கு. அவ்விதி காப்பது மண்ணுக்குரிய இயல்சூழலை. வேலிக்காத்தான் அயல்மரம், காவல் அதற்கு எட்டாது.

கமுதி அருகே 2016இல் தொடங்கப்பட்ட 648 மெகாவாட் சூரியமின் நிலையம் ஏறத்தாழ 2,500 ஏக்கரில் பரந்துள்ளது. திருச்சுழி வட்டாரத்து மானாவாரிப் புஞ்சைகளைப் போன்றதே அதன் சூழலும். நிலக்கரி மின்சாரத்தை ஒப்பிட இது செய்யும் நன்மை ஐயமற்றது. ஆனால் இத்தகைய நிலையங்களின் கணக்கு, மின்தொடரை மட்டுமே அடிப்படைநிலையாகக் கொள்கிறது. பலகையின்கீழ் இருந்த காடு, வட்டார வழக்கின் பொருளில் காடு, ஒப்பீட்டிற்குள் வருவதில்லை.

இக்கணக்கைத் திருத்துவதற்கான சான்றுகள் இல்லாமற் போய்விடவில்லை. அடங்கலில் தேடுவதால்தான் அகப்படுவதில்லை. கண்மாய்களில் சமூகக்காடுகள் திட்டத்தின்கீழ் வளர்த்த நாட்டுக்கருவேலை ஏலம்விட்ட ஆவணங்கள், ஊராட்சிகளின் தீர்மானப் புத்தகங்கள், 2-சி கணக்குகள், லாரி எடைமேடைகளின் சீட்டுக் கட்டுகள், கரி வியாபாரிகளின் முன்பணக் குறிப்பேடுகள் ஆகியவற்றை ஆண்டுவாரியாக அடுக்கினால், ஒரு வருவாய்க் கிராமத்திலிருந்து ஆண்டொன்றுக்கு எத்தனை டன் விறகு வெளியேறியது என்பதைத் தோராயமாகவேனும் கண்டறியலாம். எடைமேடைச் சீட்டுகள் மெல்லிய தாளில் அச்சாகின்றன. அவற்றின் மை சில ஆண்டுகளில் மங்கிவிடும். அவற்றிலிருந்தே தொடங்க வேண்டும்.